எட்டாம் முகவரியில் ஒரு சிலேடை

காரைக்கால் பக்கம் உள்ள என் ஊர் போலகத்துக்கு அருகில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிற ஊர். அவர் கோபித்துப் பாட, ஊரில் மண்மாரி பொழிந்தது என்ற கர்ணபரம்பரைக் கதையைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் வளர்வது கடினம். அந்தக் கோபத்தைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சிலேடை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து ஒரே வெண்பா; இரண்டுக்கும் பொருந்தும்; ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். தமிழாசிரியர் அதை விளக்கியபோது வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த வித்தையின் முழு ருசி எனக்குப் பிடிபட்டதோ பல ஆண்டுகள் கழித்து, பழைய வீட்டுக் கணினி ஒன்றை இணையத்தோடு சேர்க்கும் சுற்றுப்படத்தை வாசித்தபோது. பாட்டுக்கு நயம் சொல்கிற பக்கத்தில் பிறந்தவன், ஒரு மின்சுற்றுக்கும் நயம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கணினி. 1982-ல் இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். அதன் பிளஸ் வடிவத்தை 1986-ல் புனேயின் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று இந்தியாவில் விற்றது. அந்தப் பத்தாண்டில்தான் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் ஒரு தலைமுறையின் கைக்குக் கணினி வந்து சேர்ந்தது இப்படித்தான். ஸ்பெக்ட்ரத்துக்குத் திரை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, சேமித்து வைக்க டேப் ரெக்கார்டர், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 சில்லு. 16 கே ரோம். 48 கே ரேம். என் கைக்கு வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸின் பின்பக்கச் செப்புப் பட்டைகள் கடற்கரை உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத்தான் செம்பின் நிறத்தைக் கண்டேன். இந்தக் கட்டுரையின் நாயகன் அந்தப் பின்பக்கம்தான்.

பதினாறும் நாற்பத்தெட்டும் அறுபத்துநான்கு. இசட்80 சில்லு எண்ணத் தெரிந்த முகவரிகளும் அதே 64 கே, அதாவது 65,536. ஆக, வீடு நிறைந்துவிட்டது. முகூர்த்த நாள் பந்தி மாதிரி இன்னொரு இலை போட இடமில்லை. இணையத்தோடு பேசும் நிரலைக் கொண்டுவந்து எங்கே உட்கார வைப்பது? ஏற்கெனவே இருப்பவர் யாரையாவது எழுப்ப வேண்டும். எழுப்பினால் கணினி தன் மொழியையே மறந்துவிடும், ஏனென்றால் பேசிக் மொழி முழுவதும் அந்த 16 கே ரோமுக்குள்தான் குடியிருக்கிறது.

இங்கேதான் பின்பக்கம் உதவிக்கு வருகிறது. பலகையின் விளிம்பில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் செப்புப் பட்டைகள். அவற்றில் ஒன்று ரோமைத் தேர்ந்தெடுக்கும் கம்பி. சின்க்ளேரின் வடிவமைப்பாளர்கள் அந்தக் கம்பியை நேரே ரோமுக்கு இழுத்துக் கட்டிவிடவில்லை. நடுவில் ஒரு மின்தடையை வைத்து, அதற்கு அப்பால் வெளியே நீட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து யாராவது அந்தப் பட்டையில் 5 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டால் உள்ளே இருக்கும் ரோம் மௌனமாகிவிடும். கையை எடுத்தால் திரும்பப் பேசும். சில பைசா மின்தடைதான் அது. பழைய காலத்து வீடுகளில் முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கென்று திண்ணை விட்டுக் கட்டினார்களே, அப்படி ஒரு ஏற்பாடு. யார் வரப்போகிறார்கள் என்று கட்டியவருக்குத் தெரியாது. வருகிறவர் உட்கார இடம் வேண்டும் என்று மட்டும் தெரியும்.

அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது, டிலன் ஸ்மித் வடிவமைத்த ஸ்பெக்ட்ராநெட் என்ற ஈதர்நெட் அட்டை. தன் பங்குக்கு 128 கே பிளாஷ் நினைவகமும் 128 கே ரேமும் சுமந்து வருகிறது. அத்தனையையும் ரோம் உட்காரும் 16 கே இடத்துக்குள்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தை நான்கு அறைகளாகப் பிரிக்கிறது: முதலும் கடைசியும் நிலையானவை, நடுவில் இரண்டும் வேண்டியபோது வேண்டிய பக்கத்தை மாற்றிக்கொள்பவை. வந்த விருந்தாளி வீட்டைவிட நான்கு மடங்கு சாமான் கொண்டுவந்திருந்தாலும், ஒரே அறைக்குள் அடக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இனி சிலேடை. ஸ்பெக்ட்ரத்தில் பேசிக் நிரல் எழுதும்போது தெரியாத குறி எதையாவது தட்டி வரியை முடித்தால், ரோம் எட்டாம் எண் முகவரிக்குத் தாவும். பிழையைச் சொல்லும் இடம் அது. ‘பேசிக்கில் இது உளறல்’ என்பது அந்தப் பிழைக்கு ரோம் வைத்திருக்கும் கண்டிப்பான பெயர். ஸ்பெக்ட்ராநெட் அந்தப் பட்டைகளின் வழியே முகவரிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சில்லு எட்டாம் முகவரியைத் தொட்ட கணத்தில் ரோமை மௌனமாக்கித் தன் நினைவகத்தை அங்கே நிறுத்துகிறது. சில்லுக்கு வித்தியாசமே தெரியாது. தான் கேட்ட முகவரியிலிருந்து கட்டளை வந்தது, அதைச் செய்கிறது. வந்திருப்பது இப்போது புதியவரின் கட்டளை. அவர் பிழையான வரியை எடுத்துப் பார்க்கிறார். விழுக்காட்டுக் குறியோடு தொடங்குகிறதா? அப்படியானால் அது உளறல் அல்ல, இணையத்துக்கான கட்டளை: இணை, கோப்பைத் திற, தொலைவில் உள்ள வட்டைப் பொருத்து. வேறு ஏதாவது என்றால் அது உண்மையிலேயே உளறல். மரியாதையாக ரோமிடமே திருப்பித் தந்துவிடுகிறார், வழக்கமான கண்டிப்பு வழக்கம்போல வருகிறது.

ஒரே முகவரி, இரண்டு பொருள். சொல்லைப் பிரிக்காமலே இரண்டு அர்த்தம் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்பார்கள். இது அந்த வகை. இந்த உத்தி புதிதும் அல்ல. சின்க்ளேர் நிறுவனமே 1983-ல் தன் இன்டர்ஃபேஸ் 1 கருவியில் கையாண்டது. ஸ்மித் அதைத் தன் காலத்துக்கு எடுத்தாண்டார். இதில் நான் ரசிப்பது எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான். ஒரு மொழி தனக்கு எது புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றுதான் புதுச்சொல் நுழையக்கூடிய இடம். பேசிக்குக்குப் புரிந்த எதையும் தொடாமல், புரியாததை மட்டும் வாசலாக்கிக்கொண்டார்கள். அதனால் 1980-களில் எழுதிய பழைய பேசிக் நிரல் எதையும் இந்த அட்டை கெடுப்பதில்லை.

அட்டையின் நடுவில் விஸ்நெட் நிறுவனத்தின் டபிள்யூ5100 என்ற சில்லு. ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகளைத் தானே கவனித்துக்கொள்ளும். இது ஓடுவது 3.3 வோல்ட்டில், ஸ்பெக்ட்ரம் பேசுவதோ 5 வோல்ட்டில். இந்தக் காலத்துச் சில்லுகள் பல 5 வோல்ட் பட்டால் கருகிவிடும். இது தாங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெரியவர் உரக்கப் பேசினால் முகம் சுளிக்காத பிள்ளை மாதிரி.

ஸ்மித் இதற்கென்று ஒரு கோப்புப் பரிமாற்ற முறையையும் எழுதினார். டிஎன்எஃப்எஸ் என்று பெயர்; அற்பமான வலைக் கோப்பு முறை என்று பொருள் வரும்படி அவரே வைத்த தன்னடக்கப் பெயர். ஒரு கேள்வி, ஒரு பதில். பதில் வராவிட்டால் மறுபடி அதே கேள்வி. சின்னக் கணினிக்கு அதற்கு மேல் தலைவலி இல்லை. இணையத்தில் அது கதவு தட்டும் எண் 16384. ஸ்பெக்ட்ரம் பழகியவர்களுக்கு இந்த எண்ணைக் கண்டால் புன்னகை வரும். அந்தக் கணினியின் திரை நினைவகம் தொடங்குவது சரியாக 16384-ஆம் முகவரியில்.

ஸ்பெக்ட்ராநெட்டில் பாதிச் சுமையை டபிள்யூ5100 சுமக்கிறது. எந்தத் துணையும் இல்லாமல், இணைய நெறிமுறை முழுவதையும் பழைய சில்லே சுமந்தால்? ஸ்வீடன்காரர் ஆடம் டங்கல்ஸ் அதைச் செய்து காட்டினார். 2001-ல் அவர் வெளியிட்ட யுஐபி, சில ஆயிரம் பைட் நிரலும் சில நூறு பைட் நினைவகமும் இருந்தால் ஓடிவிடும். 2003-ல் அதை உள்ளே வைத்து காண்டிகி என்ற இயங்குதளத்தைத் தந்தார். 1 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கமடோர் 64 கணினியில் அது சாளரங்களையும் ஒரு வலை உலாவியையும் காட்டியது.

யுஐபியின் சிக்கனத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை நான் பலரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். அனுப்பிய பொட்டலம் வழியில் தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும் என்பது இணையத்தின் விதி. பெரிய கணினிகள் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கும். யுஐபியிடம் இருப்பதோ ஒரே ஒரு பொட்டலத்துக்கான இடம். வருவதும் அதில்தான், போவதும் அதில்தான். நகலுக்கு எங்கே போவது? எனவே அது நகலே வைப்பதில்லை. தொலைந்துவிட்டது என்று தெரிந்தால், அந்தச் சேதியை உண்டாக்கிய நிரலைக் கூப்பிட்டு, ‘முன்னே சொன்னதை இன்னொரு தரம் சொல்’ என்கிறது. பேரன் பாதியில் தூங்கிப்போய் மறுநாள் கேட்டால், பாட்டி அந்தக் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்வாளே, அதே முறை. கதை பாட்டியிடம் இருக்கிறது. பதிவு செய்து வைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

இன்னொரு விஷயம், காவிரிக் கடைமடைக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் காரைக்கால் பக்கத்துக்குக் கடைசியில்தான் வரும். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதை மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். இணையத்தின் டிசிபி நெறிமுறையில் மதகு மறுபக்கம் இருக்கிறது. வாங்குபவர், ‘என்னிடம் இவ்வளவுக்குத்தான் இடம்’ என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பார். அனுப்புபவர் அதற்கு மேல் அனுப்பக் கூடாது. எத்தனை பெரிய சேவையகமாக இருந்தாலும், 64 கே கமடோர் ‘ஒரு பொட்டலம் போதும்’ என்றால் ஒரு பொட்டலத்தோடு நின்று காத்திருக்க வேண்டும். இங்கே கடைமடைக்காரர் சொல்வதே சட்டம்.

காண்டிகி என்ற பெயர், 1947-ல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பசிபிக்கைக் கடந்த மிதவையின் பெயர். ஆணி அடிக்காமல், பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்து 101 நாள் மிதந்தார்கள். எங்கள் கரையில் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை, கட்டுமரம் என்பார்கள். கையில் கிடைத்த மரத்தை வைத்துக் கடலைக் கடப்பது என்ற பொருள் டங்கல்ஸின் நிரலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. பிற்பாடு காண்டிகி கம்பியில்லா உணரிகளில் குடியேறியது. பழைய கணினியில் கற்ற சிக்கனம், சிறிய புதுக் கருவிகளுக்குச் சோறு போட்டது.

மூன்றாவது நயம் அட்டாரிக்காரர்களுடையது. 1979-ல் வந்த அட்டாரி 400, 800 கணினிகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆங்கில முதலெழுத்துதான் பெயர். கே என்றால் விசைப்பலகை, எஸ் திரை, பி அச்சுப்பொறி, டி வட்டு, சி டேப். தாமஸ் செரிஹோம்ஸ் முன்னின்று செய்த ஃபுஜிநெட், அந்தக் குடும்பத்தில் என் என்ற ஒரு தம்பியைச் சேர்த்தது. அவ்வளவுதான். வட்டில் உள்ள கோப்பைத் திறக்கும் அதே பழைய கட்டளை, டி இருந்த இடத்தில் என் போட்டு வலை முகவரியை எழுதினால், உலகத்தின் அந்த மூலையைத் திறக்கிறது. புது இலக்கணம் எதையும் கற்க வேண்டாம்.

கருவிக்குள் இருப்பது ஈஎஸ்பி32 சில்லு, 240 மெகாஹெர்ட்ஸ். அட்டாரியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு வழக்கமாக 19,200 பிட் பாயும் பழைய கம்பியில், அதற்கேற்பத் தன்னை அடக்கிக்கொண்டு பேசுகிறது. இன்றைய இணையத்தின் மறைகுறிக் கணக்குகளைத் தானே போட்டுவிட்டு, முடிவை மட்டும் அட்டாரியிடம் நீட்டுகிறது. அச்சுப்பொறியாகவும் வேடம் போடும். அட்டாரி அச்சிட்டது பிடிஎஃப் கோப்பாகக் கைபேசிக்கு வரும், அதுவும் அந்தந்தப் பழைய அச்சுப்பொறியின் எழுத்து வடிவத்திலேயே. வட்டுகளைத் தொலைவிலிருந்து பொருத்த இது பயன்படுத்துவது ஸ்பெக்ட்ரத்துக்காக ஸ்மித் எழுதிய டிஎன்எஃப்எஸ்ஸை. இந்த இரண்டு கணினிகளின் ரசிகர்களும் அன்று வெவ்வேறு கரையில் இருந்தார்கள். இப்போது ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

காரைக்காலில் இருந்துகொண்டு பிரான்சின் மினிடெல்லைச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பாரிஸில் உறவுள்ள வீடுகள் இங்கே ஏராளம். அந்த உறவுகளின் வரவேற்பறையில் 1980-களிலேயே திரையும் விசைப்பலகையும் சேர்ந்த மினிடெல் பெட்டி இருந்தது. தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 1200 பிட் வரும், 75 பிட் போகும். 2012 ஜூன் 30-ல் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். பெட்டிகள் சாகவில்லை. பின்னால் ஐந்து துளையுள்ள ஒரு வட்டச் செருகி இருக்கிறது. அதில் ஈஎஸ்பி32 பொருத்தி வைஃபையில் சேர்க்கிறார்கள். பிற்கால மினிடெல்களில் அந்தச் செருகியிலேயே 8.5 வோல்ட் மின்சாரமும் வருகிறது. புதிய அட்டைக்குத் தனி மின்கம்பி வேண்டாம். வந்தவனுக்குச் சோறு போடுவது வீட்டுக்காரர்தான்.

ஒரு ஆட்சேபம் உண்டு, நானே கேட்டுக்கொண்டதுதான். 1.79 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு 240 மெகாஹெர்ட்ஸ் உதவியாள். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் அல்லவா? உண்மையான கணினி அந்த உதவியாள்தானே, பழையது வெறும் திரைதானே? எதைக் கேட்பது, வந்ததில் எதை எடுப்பது, திரையில் எங்கே வைப்பது என்ற முடிவு அட்டாரியின் 6502 சில்லில் ஓடும் நிரலிடம் இருக்கும்வரை அந்தக் குறை ஒட்டாது என்பது என் கட்சி. சுமப்பவர் பலசாலியாக இருக்கலாம். எங்கே இறக்குவது என்பதை வீட்டுக்காரர் சொல்லட்டும். ருசி என்று பார்த்தால் எனக்கு டங்கல்ஸின் கட்டுமரம் முதலில், ஸ்பெக்ட்ராநெட் ஒரு நூலிழை பின்னே, அதன் பின் ஃபுஜிநெட்.

இத்தனையும் படித்தபின் கை சும்மா இருக்கவில்லை. இணையத்திலிருந்து தமிழ் வந்தால் ஸ்பெக்ட்ரம் காட்டுமா? கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்தேன். ஸ்பெக்ட்ரத்தின் ஓர் எழுத்து 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம், 8 பைட். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி வைத்தது 18, இகரம், ஈகரம், உகரம், ஊகரம் தலா 18, தனியே நிற்கும் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. ஔகாரத்தின் வால் ளகரத்தையே கடன் வாங்கும். கூட்டினால் 125 வடிவம். கச்சிதமாக 1000 பைட். 247 எழுத்தும் அதற்குள் அடக்கம். மூணுசுழி ண-வை எட்டுப் புள்ளி அகலத்தில் வரைய ஒரு மாலை போயிற்று. ரெண்டுசுழி ன-வோடு குழம்பாமல் இருக்க முதல் சுழியை ஏறக்குறைய ஒரு புள்ளியாகச் சுருக்க வேண்டியிருந்தது.

வந்து சேரும் விதத்திலும் அழகு இருக்கிறது. யூனிகோடுத் தமிழ் இணையத்தில் குறியீட்டுக்கு மூன்று பைட்டாக வரும். முதல் பைட் எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175; மூன்றாவதுதான் ஆளைக் காட்டும். 174 முடிந்து 175 தொடங்கும் எல்லை, இகரக் குறிக்கும் ஈகரக் குறிக்கும் நடுவே விழுகிறது. குறில் இந்தக் கரை, நெடில் அந்தக் கரை. போலகம் என்று அனுப்பினால் ஆறு குறியீடு, 18 பைட். ப வந்தவுடன் அதைத் திரையில் போட்டுவிடக் கூடாது. அடுத்து வரும் ஓகாரக் குறி ஒன்றுதான், ஆனால் திரையில் அது இரண்டாகப் பிரிந்து, இரட்டைக்கொம்பு ப-வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். செம்மொழிச் சிலேடையை ஸ்மித்திடம் பார்த்தோம். சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளும் பிரிமொழிச் சிலேடைக்கு நம் ஓகாரமே போதும். ஆகவே நிரல் ஒவ்வொரு மெய்யையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் யார் என்று பார்த்துவிட்டே உட்கார வைக்கிறது. எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன். 32 கட்டம் உள்ள வரியில் ஆறு கட்டத்தில் என் ஊர் வந்து நின்றது.

ஸ்பெக்ட்ராநெட் அட்டையைப் பிடுங்கிவிட்டால் ஸ்பெக்ட்ரம் 1986-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஒரு பற்றவைப்புகூட மாறியிருக்காது; எட்டாம் முகவரி மறுபடி ரோமுக்கே சொந்தம். உங்கள் பரணில் அப்படி ஒரு கணினி தூசி படிந்து கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பட்டைகள் பச்சை பூத்திருந்தால் கவலை வேண்டாம், பென்சில் ரப்பர் போதும்.